ஜூரி முன்னால் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) தோற்றம்: தீர்ப்பையே மாற்றுமா, தண்டனையை மட்டுமா?

சட்டமாணவி:
அமெரிக்க ஜூரி முறை (பொதுமக்கள் குழு ஒன்றே குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் முறை) பற்றிக் கல்லூரிக் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதுகிறேன். "முகம் அழகாக இருந்தால் ஜூரி விட்டுவிடும்" என்று எங்கே பார்த்தாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். குற்றவாளியா இல்லையா என்ற முடிவையே தோற்றம் மாற்றுகிறதா, தண்டனையின் அளவை மட்டும்தானா? இதைத் தடுக்க நீதிமன்றங்கள் என்ன செய்திருக்கின்றன, வக்கீல் எதைக் கவனிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறுக்கு விசாரணை:
அந்த வரி பாதிதான் சரிம்மா. முதலில் சிகால், ஆஸ்ட்ரோவ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1975-ல் வெளியிட்ட சோதனையைப் படியுங்கள். 120 மாணவர்களுக்கு வழக்குக் குறிப்பு கொடுத்து, எதிரியான பெண்ணுக்கு எத்தனை ஆண்டு சிறை என்று கேட்டார்கள். சிலருக்குக் கொடுத்தது வீடு புகுந்து திருடிய வழக்கு, மற்றவர்களுக்கு ஆளை மயக்கிப் பணம் பறித்த மோசடி வழக்கு. திருட்டில் அழகான படத்தைப் பார்த்தவர்கள் கொடுத்த சராசரி 2.80 ஆண்டு. அழகில்லாத படத்துக்கு 5.20, படமே இல்லாமல் 5.10. மோசடியில் வரிசை தலைகீழ்: அழகிக்கு 5.45, மற்ற இரண்டுக்கும் 4.35.

5.20, 5.10 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அழகில்லாதவரை யாரும் கூடுதலாகத் தண்டிக்கவில்லை, அழகானவருக்குத்தான் சலுகை. அந்த அழகே குற்றத்துக்குக் கருவியானது என்று தோன்றியதும் சலுகை பறிபோகிறது. ஆனால் குற்றம் உறுதி என்ற நிலையில்தான் கேள்வியே கேட்கப்பட்டது. ஆகவே 'விட்டுவிடும்' என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டக் கூடாது. பல கட்டுரைகள் தவறுவது இந்த இடத்தில்தான்.

நிஜ நீதிமன்றம் வேண்டுமென்றால் ஸ்டூவர்ட்டின் 1980 ஆய்வு. பென்சில்வேனியாவில் 74 எதிரிகளின் தோற்றத்தைப் பார்வையாளர்கள் மதிப்பிட்டார்கள். அழகு கூடக்கூடத் தண்டனை குறைந்தது, குற்றத் தீர்ப்போடு தொடர்பு தென்படவில்லை. அங்கே தண்டனை விதிப்பது நீதிபதி என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

ஜூரி உயிரையே முடிவு செய்யும் இடம் மரண தண்டனை வழக்கு. அதற்கு உளவியலாளர் எபர்ஹார்ட் குழுவின் 2006 ஆய்வு கட்டாயம் வேண்டும். பிலடெல்பியாவில் வெள்ளையரைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற கறுப்பின ஆண்களில், 'கறுப்பினத்துக்கே உரிய முகம்' என்று அதிகமாக மதிப்பிடப்பட்டவர்களில் 57.5% பேருக்கு மரண தண்டனை. குறைவாக மதிப்பிடப்பட்டவர்களில் 24.4%. கொல்லப்பட்டவரும் கறுப்பினத்தவர் என்றால் இந்த வேறுபாடு இல்லை. என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரையின் மையமாக வைக்க வேண்டியது இதுதான். அழகு பற்றிய பேச்சு இதை மறைத்துவிடுகிறது.

மேல்முறையீடு:
சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். முகத்தைச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அரசு எதிரியின் மேல் ஏற்றும் தோற்றத்தை மட்டும்தான் தடுக்க முடியும்.

1976, எஸ்டெல் எதிர் வில்லியம்ஸ் வழக்கு. டெக்ஸாஸில் எதிரியான வில்லியம்ஸ் ஜூரி முன் உட்கார்ந்திருந்த கோலம்: முதுகில் 'ஹாரிஸ் கவுண்டி ஜெயில்' என்று அச்சடித்த வெள்ளை டி-ஷர்ட், கால் நெடுக அதே எழுத்துள்ள தொளதொள பேன்ட், குளியலறை ரப்பர் செருப்பு. ஜெயில் உடையில் ஜூரி முன் நிற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லியும் அவர் தோற்றார். தன் துணியைக் கேட்டது சிறைக் காவலரிடம். நீதிபதியிடம் அவரும் கேட்கவில்லை, வக்கீலும் கேட்கவில்லை. ஆட்சேபணை பதிவாகவில்லை என்றால் கட்டாயம் என்று வாதிட முடியாது. விசாரணை தொடங்கும் முன்பே, ஜூரி இல்லாத நேரத்தில் எழுந்து சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

2005, டெக் எதிர் மிசௌரி வழக்கு. குற்றம் உறுதியான பிறகு தண்டனையை முடிவு செய்யும் கட்டத்தில், எதிரியான டெக்கைக் கால்விலங்கு, கைவிலங்கு, இடுப்புச் சங்கிலியோடு நிறுத்தினார்கள். அந்த வழக்குக்கென்று தனிக் காரணம் காட்டாமல் ஜூரி கண்ணில் படும்படி விலங்கிடக் கூடாது என்றது நீதிமன்றம். விலங்கு அவசியம் என்று நீதிபதி முடிவு செய்தால், மேஜையைச் சுற்றித் துணி கட்டச் சொல்லுங்கள். அரசுத் தரப்பு மேஜைக்கும் கட்ட வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கட்டினால் ஜூரர்களே ஊகித்துவிடுவார்கள். எதிரி உட்கார்ந்த பிறகுதான் ஜூரியை உள்ளே அழைக்க வேண்டும். சங்கிலிச் சத்தத்தைத் துணி மறைக்காது, அதையும் முன்கூட்டியே எழுப்புங்கள்.

போலீஸ் எடுத்த படம் சாட்சியமாக வந்தால் எண் பலகை, உயரக்கோடு தெரியாமல் வெட்டித் தரச் சொல்லுங்கள். கறுப்பு டேப் ஒட்டி மறைத்தால் கண் முதலில் அங்கேதான் போகும்.

சட்டமாணவி:
மிக்க நன்றி இருவருக்கும். இந்திய உதாரணமாக நானாவதி வழக்கைச் சேர்க்கலாமா?

குறுக்கு விசாரணை:
சேர்க்கலாம், அளவோடு. 1959 பம்பாய், மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் கடற்படைச் சீருடையில் வந்து நின்ற அதிகாரி நானாவதி, 8-க்கு 1 என்று குற்றவாளி அல்ல எனச் சொன்ன ஜூரி. ஆனால் பத்திரிகைப் பிரசாரமும் பொதுமக்கள் அனுதாபமும் கூடவே இருந்ததால், சீருடையின் பங்கை மட்டும் தனியே பிரித்துக் காட்ட வழியில்லை. செஷன்ஸ் நீதிபதி அந்த முடிவை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை, 1961-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நானாவதி தரப்பு சொன்னதுபோல் கைகலப்பில் துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்றால், இறந்தவர் இடுப்பில் கட்டிய துண்டு அவிழாமல் இருந்தது எப்படி என்ற கேள்வியை, சீருடையைப் பார்த்த ஜூரி எப்படி எடைபோட்டது, ஆவணத்தைப் படித்த நீதிபதிகள் எப்படி எடைபோட்டார்கள் என்று ஒப்பிட்டு எழுதுங்கள். இந்தியாவின் கடைசி ஜூரி விசாரணை இதுதான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது தவறு.

மேல்முறையீடு:
ஒன்று விட்டுப்போச்சு. எதிரிக்குப் புதிதாகக் கண்ணாடி மாட்டுவது, தலைமுடியை மாற்றுவது பற்றிப் பலர் எழுதுகிறார்கள். 'சம்பவ இடத்தில் பார்த்தது இவரைத்தானா' என்பதே வழக்கு என்றால் இது ஆபத்து. அடையாளத்தை மறைக்கத் தோற்றத்தை மாற்றினார் என்று அரசுத் தரப்பு வாதிட இடம் கிடைத்துவிடும். தோற்றத்தைக் காட்ட மறுக்கவும் முடியாது: எதிரியின் உடலை ஜூரிக்குக் காட்டச் சொல்வது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது, 1910-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஹோல்ட் வழக்கில் முடிவானது. அங்கே ஒரு மேல்சட்டை எதிரிக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்க்க வைத்தார்கள். ஆகவே அளவு சரியான, சாதாரண, துவைத்து இஸ்திரி போட்ட உடை போதும். விசாரணை எத்தனை நாளோ அத்தனைக்கும் மாற்றுடை இருக்கிறதா என்று முதல் நாளே சிறை அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.