அப்பாயி வீட்டு வாரிசுகள்

ஞாயிறு, காலை 6:41

சேகர் சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் தையல் மெஷினைக் கேட்டு ஓர் ஆள் வந்திருக்கிறார். விலையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். குழுவுக்கு வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

குமார் மாமா தமாம்: (படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்)

விஜயா அத்தை: எந்த மெஷின்

விஜயா அத்தை: கால் மெஷினா, அந்த உடைஞ்ச கை மெஷினா

சேகர் சித்தப்பா: கால் மெஷின் அக்கா. சிங்கர்.

ராஜு பெரியப்பா: எவ்வளவு

சேகர் சித்தப்பா: 3 லட்சம்

அப்பா: ?

விஜயா அத்தை: கண்ணாடி போட்டுக்கொண்டு அடி. 3 ஆயிரமா?

சேகர் சித்தப்பா: லட்சம். எழுத்தால் மூன்று லட்சம்.

அம்மா: நிவி வளைகாப்பு மண்டபத்துக்கு இன்னும் பாதிப் பணம் தரணும், ஞாபகப்படுத்துகிறேன். இன்னும் ஏழு நாள்தான்.

ராஜு பெரியப்பா: அண்டா மாதிரி ஆகிவிடக் கூடாது.

சேகர் சித்தப்பா: அண்டா கதையை எத்தனை வருஷம் அண்ணே சொல்வீர்கள்? அது ஓட்டை அண்டா.

விஜயா அத்தை: ஓட்டையா? என் கல்யாணத்துக்கு அதில்தான் சாம்பார்.

காலை 7:20

கார்த்தி அண்ணன்: சித்தப்பா, அவசரப்படாதீர்கள். அந்த ஆள் மெஷினுக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துப் பார்த்தானா? ஊசிக்கிட்ட கொண்டுபோனதும் லைன் கட் ஆச்சா?

சேகர் சித்தப்பா: உனக்கு எப்படித் தெரியும்

கல்யாணி சித்தி: நானே பார்த்தேன் தம்பி. பேசிக்கொண்டே இருந்தார், மெஷின்கிட்டப் போனதும் பேச்சு நின்றுபோச்சு. உள்ளே என்னமோ இருக்கிறது என்றார்.

கார்த்தி அண்ணன்: சிவப்பு பாதரசம் என்றானா?

கல்யாணி சித்தி: ஆமா ஆமா. அதுவேதான்.

கார்த்தி அண்ணன்: சரி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். சிவப்பு பாதரசம் என்று ஒரு பொருளே கிடையாது. கோயில் கலசத்தில் இரிடியம், அரிசியை இழுக்கும் செம்பு என்று நம் பக்கம் எத்தனை பேரை ஏமாற்றினார்கள், அதற்கு இது பெரியப்பா பையன். 2009-ல் சவுதியில் இதே புரளி கிளம்பி, பழைய சிங்கர் மெஷின் இரண்டு லட்சம் ரியால் வரை போனதாகப் பத்திரிகையில் எல்லாம் வந்தது. போன் கட் ஆகிற சோதனையும் அங்கே சொன்னதுதான். அவன் கட்டைவிரலால் கட் பண்ணியிருப்பான். மெஷின் உள்ளே இருப்பது வார்ப்பு இரும்பு, எஃகு, பழைய எண்ணெய்ப் பிசுக்கு. அவ்வளவுதான்.

அப்பா: ம்

தீபா அண்ணி: இவர் பல் தேய்க்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

விஜயா அத்தை: 2009-ஆ

விஜயா அத்தை: குமார் அத்தான், 2009-ல்தானே நீங்கள் சவுதியில் தமாமிலிருந்து போன் பண்ணி, அம்மா மெஷினைக் கப்பலில் அனுப்ப முடியுமா, இங்கே தைக்க ஆள் இருக்கிறது என்று கேட்டீர்கள்?

குமார் மாமா தமாம்: நெட்வொர்க் சரியில்லை

ராஜு பெரியப்பா: 😀

விஜயா அத்தை: அம்மா அன்றைக்கே சொன்னது, "மாப்பிள்ளைக்குத் திடீரென்று தையல் மேல் என்ன ஆசை" என்று.

குமார் மாமா தமாம்: எல்லாரும் தேடினார்கள். நானும் கேட்டேன். அதற்கு இப்போது என்ன

சேகர் சித்தப்பா: கார்த்தி, நீ சேர்த்து வைத்திருப்பதால் உனக்கு விலை தெரியும் என்று நினைக்கிறாய். இது சாதாரண மெஷின் இல்லை. 1900-க்கு முன்னால் வந்தது என்று அப்பா சொல்வார்.

கார்த்தி அண்ணன்: தலைக்குக் கீழே, வலது பக்க மேடையில் ஒரு சின்ன எண் பதித்திருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கல்யாணி சித்தி: (படம்)

கல்யாணி சித்தி: முன்னால் ஒய் என்று இருக்கிறது

கார்த்தி அண்ணன்: அருமை. ஒய் வரிசை என்றால் ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் தொழிற்சாலை, 1920-களிலிருந்து 1935 வரை. சிங்கரின் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு வேறு எழுத்துகள். மாடல் 15கே என்று இருக்கும் பாருங்கள், அந்த கே என்பது கிளைடுபேங்கில் கில்போவி என்கிற இடம். 1913-ல் அந்த ஒரே தொழிற்சாலையிலிருந்து மட்டும் 13 லட்சம் மெஷின் வெளியே போயிற்று. 1980-ல் மூடிவிட்டார்கள், ஆனால் அந்த ரயில் நிலையத்துக்கு இன்னமும் சிங்கர் என்றுதான் பெயர். இத்தனை லட்சம் செய்த பொருள் எப்படி அரிதாகும்? என்னிடம் இதேபோல் இரண்டு இருக்கின்றன. ஒன்று பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடக் கிடந்தது.

தீபா அண்ணி: மொத்தம் பதினொன்று. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது, மெஷின் ஸ்டாண்டு மேல் பலகை போட்டுச் சாப்பிடுகிறோம். காலை ஆட்டினால் சக்கரம் சுற்றுகிறது.

அப்பா: 😀

ராஜு பெரியப்பா: மெஷின் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று இவனுக்குத் தெரியாது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் இறங்கியது. தாத்தாவின் சிநேகிதர் பினாங்கிலிருந்து கொண்டுவந்தார். அரைப் பணம் நெல்லாகக் கொடுத்தோம்.

கார்த்தி அண்ணன்: அப்பா, அந்த ரஜூலா கப்பலையும் அதே கிளைடு ஆற்றங்கரையில்தான் கட்டினார்கள், கிளாஸ்கோவில், 1926-ல். மெஷினும் கப்பலும் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி. இரண்டும் சுற்றிச் சுற்றி நாகப்பட்டினம் வந்திருக்கின்றன.

விஜயா அத்தை: சரிடா, மூணு லட்சம் இல்லையென்றால் எவ்வளவு?

கார்த்தி அண்ணன்: ஸ்டாண்டு துருப்பிடிக்காமல் இருந்தால் ஐந்தாயிரம், ஆறாயிரம் கேட்கலாம். நானே வாங்கினால் நாலுதான் தருவேன்.

சேகர் சித்தப்பா: பார்த்தீர்களா. இவனுக்கே வேண்டுமாம். அதனால்தான் புரளி என்கிறான்.

தீபா அண்ணி: சித்தப்பா, கடவுளுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், பன்னிரண்டாவது வேண்டவே வேண்டாம்.

காலை 8:05

முருகன் மச்சான்: கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா? குறுவை அறுப்பு மெஷின் மணிக்கு என்ன வாடகை கேட்கிறார்கள்?

ராஜு பெரியப்பா: நம் வாய்க்காலில் முழங்கால் அளவு.

முருகன் மச்சான்: மெஷின் மெஷின் என்றதும் அறுப்பு மெஷின் என்று நினைத்துவிட்டேன்

அம்மா: வளைகாப்புக்கு ஏழு வகை சாதம், அதோடு திருவையாற்று அசோகா அல்வா. அசோகா யார் வாங்கி வருகிறீர்கள்?

விஜயா அத்தை: நான். ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டால் தாமதமாகும், என்னைக் குறை சொல்லக் கூடாது.

கார்த்தி அண்ணன்: சித்தப்பா, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அட்வான்ஸ் ஏதாவது வாங்கினீர்களா?

சேகர் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜயா அத்தை: என்னடா அழித்தாய்

ராஜு பெரியப்பா: சேகர்.

ராஜு பெரியப்பா: வாங்கினாயா, இல்லையா?

கல்யாணி சித்தி: வாங்கவில்லை. கொடுத்தோம்.

அப்பா: ???

கல்யாணி சித்தி: ஆய்வுக் கட்டணம் 12,000. சோதனை முடிந்ததும் மூணு லட்சத்தோடு சேர்த்துத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நேற்று சாயந்திரம் ஜிபேயில் போட்டார் இவர். நான் வேண்டாம் என்றேன்.

சேகர் சித்தப்பா: நீ எப்போது வேண்டாம் என்றாய்? நீதான் வளையல் மாற்றலாம் என்றாய்.

கார்த்தி அண்ணன்: சித்தப்பா, இப்போதே 1930-க்குப் போன் பண்ணுங்கள். சைபர் குற்றப் பிரிவு எண். நேற்றுதான் என்றால் பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேகர் சித்தப்பா: ஊரில் தெரிந்தால்

ராஜு பெரியப்பா: போன் பண்ணு முதலில்.

முருகன் மச்சான்: 12,000-க்கு மூணு நாள் அறுப்பு முடிச்சிருக்கலாம்

அப்பா: முருகா

முருகன் மச்சான்: சரி மாமா

காலை 10:32

கல்யாணி சித்தி: போன் பண்ணியாச்சு. புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். இவர் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறார், யாரும் இப்போது போன் பண்ண வேண்டாம்.

விஜயா அத்தை: சாப்பிட்டானா?

கல்யாணி சித்தி: இல்லை

விஜயா அத்தை: கஜா புயல் அன்றைக்கு மேல் ஓடு எல்லாம் பறந்தபோது அம்மா தன் கட்டிலை விட்டுவிட்டு ஒட்டுப்போர்வையை எடுத்து அந்த மெஷின் மேல்தான் போர்த்தியது. இவன்தான் ராத்திரி முழுக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதையும் சொல்லணும்.

அப்பா: ஆமாம்.

நான்: அத்தை, என் போர்வை என்ன ஆயிற்று? அப்பாயி என் கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாங்க.

விஜயா அத்தை: மெஷின் டிராயரில் இல்லையென்றால் டிரங்குப் பெட்டியில் இருக்கும். கல்யாணி, பாரேன்.

கார்த்தி அண்ணன்: நிவி, உனக்குத் தெரியுமா, அந்த ஒட்டு வேலை தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் கும்பகோணத்தில் தேர்ச்சீலை தைப்பவரிடம் இருந்தார். தேரில் தொங்குமே தொம்பை, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துணியை வெட்டி யாளி, பூ, கொடி என்று ஒட்டித் தைப்பார்கள். அந்த வெட்டுத் துணி மிச்சத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். அப்பாயி அதையும் பழஞ்சேலையையும் சேர்த்துப் போர்வையாக்கும். நடுவில் பழைய வேட்டி நாலு மடிப்பு. உள்ளே எல்லாம் கைத்தையல், ஓரம் மட்டும் மெஷின். அந்த மெஷினில் பின்தையல் கிடையாது, அதனால் ஒவ்வொரு மூலையிலும் துணியைத் திருப்பி மறுபடி ஓட்டிக் கெட்டிப்படுத்தியிருக்கும், தடவிப் பார்த்தால் கையில் தட்டும். ஏழெட்டு மடிப்பை அசராமல் தைத்ததென்றால் அதுதான் 15கே-யின்

தீபா அண்ணி: போதும்

கார்த்தி அண்ணன்: முடிக்கவில்லை

ராஜு பெரியப்பா: 1970-ல் திருவாரூர் ஆழித்தேர் ரொம்ப வருஷம் கழித்து மறுபடி ஓடியபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். எல்லாரும் தேரைப் பார்த்தார்கள். அவர் தையலைப் பார்த்தார். "மூணாவது தொம்பை ஒரு பக்கம் இழுக்குது" என்றார்.

விஜயா அத்தை: என்னைக் கூட்டிப் போகவில்லை

ராஜு பெரியப்பா: நீ அப்போது கைக்குழந்தை.

காலை 11:15

கல்யாணி சித்தி: (படம்) (படம்) (படம்)

கல்யாணி சித்தி: பெட்டியில் இரண்டு போர்வை இருக்கு. ஒன்று நிவிக்கு, பாதிதான் ஆகியிருக்கு, ஊசி குத்தியபடியே. இன்னொன்று முழுதாக முடிந்தது. நாப்தலின் உருண்டை போட்டுக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்காங்க. இது யாருக்கு?

விஜயா அத்தை: பேரன் பேத்தி எல்லாருக்கும் கொடுத்தாச்சே. கார்த்தி பிள்ளைக்கு, முருகன் பிள்ளைக்கு...

நான்: மூலைத் துணியைப் பாருங்கள் சித்தி. பிள்ளையோட அம்மா துணி ஒன்றை அப்பாயி மூலையில் வைப்பாங்க.

கல்யாணி சித்தி: பச்சை. சின்ன சின்ன வெள்ளைப் புள்ளி. தாவணித் துணி மாதிரி இருக்கு.

செல்வி அக்கா: அது என் தாவணி.

செல்வி அக்கா: பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது கட்டியது.

விஜயா அத்தை: செல்வி!

விஜயா அத்தை: நீ இந்தக் குழுவில் இருக்கிறாயா

செல்வி அக்கா: ஐந்து வருஷமாக இருக்கிறேன் அத்தை. எல்லாருடைய ரோஜாப்பூவையும் பார்க்கிறேன்.

குமார் மாமா தமாம்: 🌹

நான்: அக்கா 😭

கார்த்தி அண்ணன்: அப்பாயி நம்மிடம்கூடச் சொல்லவில்லையே.

அம்மா: சொன்னால் இந்தக் குழுவில் வந்துவிடும் என்றுதான்.

மதியம் 12:02

ராஜு பெரியப்பா: வளைகாப்புக்கு செல்வியும் வரட்டும். பையனையும் அழைத்துக்கொண்டு. எந்த வண்டியில் வருகிறாள் என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

விஜயா அத்தை: அண்ணே, அவள் இங்கேதான் இருக்கிறாள். நீங்களே கேளுங்கள்.

அப்பா: 👍

மதியம் 12:19

செல்வி அக்கா: டிக்கெட் கிடைத்தால் மன்னை எக்ஸ்பிரஸ். இல்லையென்றால் பேருந்து. அவருக்கு விடுப்பு கேட்கணும். பார்க்கிறேன்.

ராஜு பெரியப்பா: மன்னையில் வந்தால் நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். அதிகாலையில் ஆட்டோ கிடைக்காது.

விஜயா அத்தை: அப்போது மெஷின் யாருக்கு? அதை முடிவு பண்ணவே இல்லை.

முருகன் மச்சான்: விற்றுவிடலாம், 4,000-க்கு. கார்த்தி தருவதாகச் சொன்னான்.

தீபா அண்ணி: அவர் ஒன்றும் சொல்லவில்லை

கல்யாணி சித்தி: மெஷின் இங்கேயே இருக்கட்டும். நான் தைக்கிறேன். பாதிப் போர்வையை ஞாயிறுக்குள் முடிக்கணும் இல்லையா.

விஜயா அத்தை: உனக்குத் தைக்கத் தெரியுமா?

கல்யாணி சித்தி: 22 வருஷம் உங்கள் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் நான்தான். யாரும் கேட்டதில்லை.

விஜயா அத்தை: சரி சரி

சேகர் சித்தப்பா: எல்லாரும் மன்னிக்கவும்.

அப்பா: விடு

ராஜு பெரியப்பா: முதலில் சாப்பிடு.

சேகர் சித்தப்பா: இன்னொன்றும் சொல்லணும். அந்த ஆள் மாதிரிக்கு என்று அடியில் இருந்த ஒரு சாமானைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். நூல் சுற்றும் சின்னக் கட்டையும் அதன் மூடியும்.

கார்த்தி அண்ணன்: பாபினும் பாபின் கேஸும்! போகட்டும் சித்தப்பா. 15 வகைப் பாபின் இன்றைக்கும் எல்லாத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும், நம் ஊர்க் கால் மெஷின்கள் பெரும்பாலும் அதே அச்சுதான். ஆனால் பழைய கேஸின் ஸ்பிரிங் வேறு, கீழ்நூல் இழுவை சரியாக இருக்காது. என்னிடம் அசல் நாலு இருக்கு. வெள்ளி இரவே கொண்டுவருகிறேன், சனிக்கிழமை எண்ணெய் போட்டு, புது பெல்ட் மாட்டித் தருகிறேன்.

தீபா அண்ணி: நாலா?

தீபா அண்ணி: என்னிடம் இரண்டு என்றுதானே சொன்னீர்கள்

கார்த்தி அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: மண்டபப் பணம்.