கொக்குவில் வீட்டார் குழு: மாமாவின் மின்மோட்டர் பூட்டிய மலைச் சைக்கிள்

அம்மா: அண்ணா, உங்கள் மகள் போட்ட வீடியோவைப் பார்த்து நெஞ்சு பதறிப் போச்சு. 63 வயதில் காட்டுக்குள்ளே அந்த இறக்கத்தில் சைக்கிளா? முழங்கால் நோ என்று சொன்னீர்களே?

பேர்ண் மாமா: பயப்படாதே தங்கச்சி. அது இங்கே சுவிஸில், பேர்ண் நகருக்குப் பக்கத்தில் இருக்கிற குர்டன் மலை. சைக்கிளுக்கென்றே போட்ட பாதை. முழங்காலும் இப்போது பரவாயில்லை.

நான்: மோட்டர் சைக்கிள் மாதிரி அதுவே இழுத்துக்கொண்டு போகுமா மாமா?

பேர்ண் மாமா: இல்லை மருமகன். மிதித்தால்தான் மோட்டர் வேலை செய்யும், காலை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். பெடலில் எவ்வளவு அழுத்துகிறேன் என்று உள்ளே ஒரு சென்சர் பார்த்து, அதற்கேற்ற மாதிரித் தள்ளும். 25 கிலோமீட்டர் வேகத்தோடு உதவி நின்றுவிடும். வேர்த்து வழியத்தான் மேலே போய்ச் சேருகிறேன், ஆனால் மூச்சு முட்டுவதில்லை.

பேர்ண் மச்சாள்: துடிப்பு காட்டுகிற மணிக்கூடு கட்டிக்கொண்டுதான் போகிறார் மாமி. டொக்டர் சொன்ன அளவுக்கு மேலே போனால் மோட்டரைக் கொஞ்சம் கூட்டிவிடுவார்.

அம்மா: ஓம், சரி. ஆனால் ஏன் மலை? தட்டை ரோட்டில் ஓடினால் காணாதா?

பேர்ண் மாமா: தங்கச்சி, பெற்றோல் வராத காலத்தில் முழு யாழ்ப்பாணமும் சைக்கிளில்தானே ஓடியது. மருமகன் பிறக்கிற நேரம் உன்னைப் பின்னால் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் சைக்கிளில்தான். இங்கே வந்தால் வீட்டு வாசலிலேயே ஏற்றம். கொஞ்ச நாள் உருட்டிக்கொண்டு நடந்துவிட்டு, அதோடு சைக்கிளை விட்டவன் நான். இப்போது எனக்கு அந்த ஏற்றத்தில்தான் சந்தோஷமே. கல்லும் வேரும் நனைந்து கிடக்கிற இடத்தில் முன்சில்லு தூக்கப் பார்க்கும். சீற்றின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சை ஹான்டிலுக்குக் கிட்டக் குனிந்து, கால் நிற்காமல் சுற்ற வேண்டும். ரயர் வேரைக் கவ்விக்கொண்டு ஏறுவதை இரண்டு கையாலும் உணரலாம். உச்சி 858 மீட்டர். வானம் வெளித்திருந்தால் ஐகர், மொங்க், யுங்ஃபிராவ் என்ற மூன்று பனிமலைகளும் வரிசையாகத் தெரியும். 1899இலிருந்து ஓடுகிற மலை ரயிலில் போய்ப் பார்த்த அதே காட்சிதான், ஆனால் என் காலால் ஏறிப் பார்ப்பது வேறு.

நான்: இறக்கம் பயமில்லையா?

பேர்ண் மாமா: அங்கேதான் கவனம் வேண்டும். சைக்கிளே 24 கிலோ. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக் பிடித்தால் சறுக்கும். ஒரு பொத்தானை அமத்தினால் சீற் கீழே இறங்கும், பெடல் இரண்டையும் சமமாக வைத்து எழும்பி நிற்பேன். பொதுப்பாதையில் ஆட்கள் நடந்து வந்தால் நான்தான் நிற்பேன், நடப்பவர்களுக்குத்தான் முதலிடம்.

பேர்ண் மச்சாள்: ஓட விடுவதற்கு முதல் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினேன் மாமி. வகுப்பில் பாதிப் பேர் அப்பாவின் வயதுக்காரர்.

அம்மா: அப்போ ஊருக்கு வரும்போது அதையும் கொண்டு வாருங்கோ அண்ணா, பார்ப்போம்.

பேர்ண் மாமா: விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். லித்தியம் பற்றரியின் கொள்ளளவு 160 வாட்-மணிக்கு மேலே என்றால் பயணப் பெட்டியில் கொண்டுபோகத் தடை, என்னுடையது 625. யாழ்ப்பாணத்துக்கு எதற்கு மோட்டர்? என்ரை பழைய சைக்கிளுக்கு ரயர் மாற்றி வை, காணும்.

நான்: மாமா, நான் ஆடியில் அங்கே வருகிறேன். எனக்கும் ஒன்று வாடகைக்கு எடுக்கலாமோ?

பேர்ண் மாமா: தாராளமாக! உன் உயரம் எவ்வளவு? பிறேம் அளவு பார்க்க வேண்டும். முழங்கால் கவசம் என்னிடம் இன்னொரு சோடி இருக்கு.

பேர்ண் மச்சாள்: மச்சான், மோட்டர் கூடத் தள்ளுகிற டர்போவிலேயே ஓடாதீங்கோ. பாதி வழியில் பற்றரி முடிந்தால் 24 கிலோவையும் நீங்களே மிதித்து ஏற்ற வேண்டும். அப்பா குறைவாகத் தள்ளுகிற எக்கோவில் போவார், செங்குத்தான இடத்தில் மட்டும்தான் கூட்டுவார்.

நான்: 178 செ.மீ. மாமா.

பேர்ண் மாமா: அப்போ எல் சைஸ். நீ வந்த முதல் சனிக்கிழமை, காலை 8 மணிக்கு மலையடிவாரத்தில் இருக்கிற வாபெர்னில் தொடங்குவோம்.

அம்மா: ஹெல்மெட் போட்ட படம் வந்தால்தான் நான் நித்திரை கொள்வேன், இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளுங்கோ.