திருவக்கரை, பிச்சாவரம், தரங்கம்பாடி: ரூட் சரியா, சொல்லுங்க மக்களே

தண்டையார்பேட்டையில இருந்து 11 பேர், ஒரு வேன், ரெண்டு நாள். ஊட்டி, கொடைக்கானல் வேணாம்.

மாதவரம் பைபாஸ் புடிச்சு திண்டிவனம், மயிலம் வழியா திருவக்கரை. சுமார் 2 கோடி வருஷப் பழைய மரங்க கல்லா கிடக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள பார்த்துடணும். பௌர்ணமியில வக்கிரகாளியம்மன் கோயில் கூட்டத்துல வண்டி நகராது, அந்தத் தேதியைத் தவிர்த்தாச்சு. ராத்திரி சிதம்பரம். காலையில பிச்சாவரம்; மோட்டார் படகு குறுகலான கால்வாய்க்குள்ள போகாது, அதனால துடுப்புப் படகுதான். அப்புறம் சீர்காழி வழியா தரங்கம்பாடி, 1620ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை.

மயிலம்–திருவக்கரை ரோடு வேனுக்கு எப்படி? துடுப்புப் படகு ஒண்ணுல எத்தனை பேரை ஏத்துறாங்க? தரங்கம்பாடியில மீன் சாப்பாடு எங்க நல்லாயிருக்கும்? சமீபத்துல போனவங்க சொல்லுங்கப்பா.