ஹைலக்ஸ் பின் பம்பர் குரோமை பாடி கலருக்கு மாத்தணும், என்ன பெயின்ட்? (அவசரம்)

ஹைலக்ஸ்_சேலம்
வணக்கம். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், வெள்ளை. பின்னாடி குரோம் பம்பர் மட்டும் கண்ணை உறுத்துது, வண்டி கலர்லயே வேணும். ஸ்ப்ரே டப்பா ரெண்டு வாங்கி அடிச்சேன், ஒரே வாரத்துல நகம் பட்டா தோல் மாதிரி உரிஞ்சு வருது. என்ன பெயின்ட் அடிச்சா நிக்கும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும். சீக்கிரம் சொல்லுங்க.

பூத்வாசி
அடிக்கிறதுக்கு முன்னாடி தேய்ச்சீங்களா? எந்த பேப்பர்? ப்ரைமர் போட்டீங்களா? குரோம்ல எங்கயாவது கொப்புளம், துரு இருக்கா? பம்பரைக் கழற்றியா, வண்டியில வெச்சேவா? இதெல்லாம் சொல்லாம பெயின்ட் பேரு சொல்ல முடியாது ப்ரோ.

வி_கிராஸ்_கோவை
முதல்ல ஒரு காந்தம் வெச்சுப் பாருங்க. 'டப்'னு இழுத்துப் பிடிச்சா இரும்பு மேல குரோம். பிடிக்கலன்னா ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல முலாம் பூசினது. ரெண்டுக்கும் வேலை வேற.

கன்_மாஸ்டர்
மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க, தேடிப் பார்த்தாலே கிடைக்கும். குரோம் மேல பெயின்ட் அடிக்கிறதே தப்பு தம்பி. கண்ணாடி மேல அடிக்கிற மாதிரிதான். டப்பாவை வெச்சுக்கிட்டு பெயின்டர் ஆக முடியாது.

பூத்வாசி
தப்பு இல்லை மாஸ்டர், தயாரிப்புல கோட்டை விட்டா தப்பு. மேல இருக்கிற குரோம் அரை மைக்ரான் கூட இருக்காது. அதுக்கடியில நிக்கல், பெரும்பாலும் அதுக்கும் அடியில செம்பு, அப்புறம் இரும்பு. மேல்பரப்பு வழவழன்னு இருக்கு, மேல ஒரு ஆக்சைடு படலம் வேற. பெயின்ட் பிடிச்சுக்க ஒரு கீறல்கூட இல்லை. அதான் தோலா உரியுது.

மெட்டல்_மணி
எட்ச் ப்ரைமர் ஒரு கோட் போட்டா முடிஞ்சது. ஆசிட் தானா அரிச்சுப் பிடிச்சுக்கும். இவ்வளவு பேச்சு எதுக்கு?

பூத்வாசி
மணி அண்ணா, எட்ச் ப்ரைமர்ல இருக்கிறது பாஸ்பாரிக் ஆசிட். வெறும் இரும்பை அரிக்கும், குரோமை ஒண்ணும் பண்ணாது. இங்க வேலை செய்றது உப்புத்தாள்தான். அதோட எட்ச் மேல நேரா எபாக்ஸி ப்ரைமர் போடாதீங்கன்னு பல கம்பெனி தகவல் தாள்லயே போட்டிருக்கும், மிச்ச ஆசிட் எபாக்ஸியை இறுக விடாது. ஒண்ணு அது, இல்லன்னா இது. குரோம்னா 2கே எபாக்ஸி, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கிற எபாக்ஸி ப்ரைமர்.

மெட்டல்_மணி
லாரி பட்டறைல எல்லாம் எட்ச்தான் போடறாங்க.

பூத்வாசி
லாரி பட்டறைல அடிக்கிறது தகட்டு மேல அண்ணா, குரோம் மேல இல்லை.

ஹைலக்ஸ்_சேலம்
காந்தம் பிடிக்குது. தேய்க்கல. ப்ரைமர் இல்ல. ரெண்டு இடத்துல சின்னதா கொப்புளம் இருக்கு. கலர் வெள்ளைன்னு சொன்னேனே?

வி_கிராஸ்_கோவை
எந்த வெள்ளை? 😀 டிரைவர் பக்க கதவுத் தூண்லயோ, இன்ஜின் ரூம் தகட்டுலயோ ஒரு பிளேட் இருக்கும். அதுல 'சி/டிஆர்' வரியில முதல்ல வர்ற மூணு எழுத்துதான் கலர் கோடு. 040ன்னா சூப்பர் ஒயிட், சாதா வெள்ளை, கவலையே இல்லை. 070ன்னா முத்து மாதிரி மின்னற பெர்ல், வெள்ளை, பெர்ல், கிளியர்னு மூணு அடுக்கு. அதுக்கு வெறும் வெள்ளையை அடிச்சா நிழல்ல பொருந்தும், வெயிலுக்கு வந்தா பம்பர் சுண்ணாம்பு மாதிரி செத்துப் போய்த் தெரியும்.

பவுடர்_பிரியன்
பெயின்டே வேண்டாம், பவுடர் கோட்டிங் பண்ணுங்க. கல் அடி தாங்கும், ஒரே நாள் வேலை.

பூத்வாசி
பவுடர்ங்கறது பெயின்ட் பொடி, அதைத் தூவி 180ல இருந்து 200 டிகிரில சுடணும். குரோமை முழுசா எடுக்காம சுட்டா, லேசா விட்டிருக்கிற முலாம் சூட்டுல தூக்கிடும், மேல இருக்கிற பவுடரும் சேர்ந்து வரும். முலாம் பூசற இடத்துல கொடுத்து குரோமை இறக்கி, மணல் பிளாஸ்ட் அடிச்சு, அப்புறம்தான் பவுடர். கலர் பொருத்தம் அதைவிடக் கஷ்டம், பவுடர் எல்லாம் ரால்ங்கற பொது நிற அட்டையில இருக்கிற நிறம். 040க்குக் கிட்டத்தட்ட ஒண்ணு கிடைக்கும். 070 பெர்லுக்குக் கிடைக்காது.

பவுடர்_பிரியன்
எபாக்ஸி பவுடரை ப்ரைமரா சுட்டு, 400 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, மேல பேஸ் கோட்டும் (நிறம்) கிளியரும் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கலாமே.

பூத்வாசி
அது நல்ல வழி, ஒத்துக்கறேன். கொப்புளம் நிறைய இருந்தா அதைத்தான் நானும் சொல்லுவேன்.

நாமக்கல்_பாடி
பாடி கலரே எதுக்குங்க? பின் டயர் தெளிக்கிற சேறு, ஏறி நிக்கிற செருப்பு எல்லாம் அங்கதான். வெள்ளை ரெண்டு நாள்ல அழுக்காத் தெரியும். சாட்டின் கருப்பு (பாதி மங்கலானது) அடிங்க, படி ரப்பர் கருப்புதானே, அதோட ஒட்டிப் போகும். கலர் பொருத்தற தலைவலியும் இல்லை.

பூத்வாசி
ஒண்ணு மட்டும் சேர்த்துக்கோங்க. கல் பட்டு கருப்பு தெறிச்சா உள்ளே இருக்கிற குரோம் பளிச்னு கண்ணாடிப் பொட்டு மாதிரி மின்னும், பத்தடி தள்ளி நின்னாலும் தெரியும். வெள்ளையில அவ்வளவு தெரியாது. சாட்டின்ல டச்சப்பும் பண்ண முடியாது, பாலிஷ் போட்டா அந்த இடம் மட்டும் பளபளக்கும்.

ஸ்டிக்கர்_ரவி
ராப் (வண்டி மேல ஒட்டற ஸ்டிக்கர் ஷீட்) ஒட்டினா போச்சு. குரோம் மேல நல்லாவே ஒட்டும்.

வி_கிராஸ்_கோவை
ஒட்டும், ஆனா இந்தப் பம்பர்ல படிக் குழியும் மடிப்பும் அதிகம். குழியில இழுத்து ஒட்டின ராப் நம்ம ஊர் வெயில்ல திரும்பச் சுருங்கி விளிம்புல கிளம்பும். பிரஷர் வாஷ்காரன் மிச்சத்தைப் பார்த்துப்பான்.

கன்_மாஸ்டர்
கடைசில எல்லாம் சுத்தி வந்து நான் சொன்னதுதான். பாடி கலர்ல பழைய பம்பர் ஒண்ணு தேடி வாங்கி மாட்டு தம்பி.

நாமக்கல்_பாடி
மாட்டறப்பவே பின்னாடி ஒரு இரும்புக் கம்பி கார்டும் போட்டுக்கலாம், முன்னாடியும் ஒண்ணு.

வி_கிராஸ்_கோவை
ஐயையோ கார்டு பேச்சு வேண்டாங்க. 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிருச்சு.

நாமக்கல்_பாடி
ரோட்டுல போற பாதி வண்டியில இருக்கே, யாரு பிடிக்கறாங்க?

பவுடர்_பிரியன்
பிடிக்கறாங்களா இல்லையாங்கறது இல்லைங்க. முன்னாடி கார்டு நேரா சேஸிஸ்ல உட்காருது. மோதற அடியை பம்பர் நசுங்கி உள்வாங்கணும், ஆனா அது நேரா சேஸிஸுக்குப் போகுது. ஏர்பேக் சென்சார் கணக்கு தப்பும்.

நாமக்கல்_பாடி
மாடு குறுக்க வந்தா யாரு கணக்கு பார்க்கறது…

பூத்வாசி
கார்டுக்குத் தனி இழை போடுங்கப்பா. சேலத்துக்காரருக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்லிடறேன்.

முதல்ல அடிச்ச டப்பா பெயின்டை முழுசா எடுங்க, அதுமேல எதையும் அடிக்காதீங்க. பம்பரைக் கழற்றுங்க, நம்பர் பிளேட் லைட் ஒயர், சென்சார் இருந்தா அதன் கனெக்டர், படி ரப்பர், சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாம் தனியா வைங்க. குரோம் பாலிஷ் போட்டிருந்தா தேய்க்கறதுக்கு முன்னாடியே சிலிக்கான் ரிமூவர்ல துடைக்கணும். இல்லன்னா தேய்க்கும்போது சிலிக்கானைக் கீறலுக்குள்ள அழுத்தி விட்டுடுவீங்க, அப்புறம் பெயின்ட் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமா விலகும். ரிமூவர்ல நனைச்ச துணி ஒண்ணு, உலர்ந்த துணி ஒண்ணு, ரிமூவர் காயறதுக்குள்ள துடைச்சு எடுக்கணும்.

தேய்க்கறது தண்ணி போட்டு. நிக்கல் தூசி மூச்சுக்கு ஆகாது. 180 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 320ல முடிங்க. ஸ்காட்ச் பிரைட் மட்டும் போதாது, குரோம் மேல வழுக்கிட்டே ஓடும். குனிஞ்சு பாருங்க: முகம் தெரிஞ்சா இன்னும் தேய்க்கணும், மங்கலா பால் மாதிரி ஆகணும். லேசா மஞ்சள் வந்தா நிக்கல், சிவந்தா செம்பு, பயப்பட வேண்டாம். கொப்புளம் இருக்கிற இடத்துல மட்டும் 80 போட்டு இரும்பு வரைக்கும் இறங்குங்க, சுத்தியிருக்கிற முலாம் விளிம்பு நகத்துல தட்டாத வரைக்கும். தட்டினா ஆறு மாசத்துல அங்கேர்ந்துதான் கிளம்பும். விரல் பத்திரம், உரிஞ்ச குரோம் பிளேடு மாதிரி வெட்டும்.

அப்புறம் 2கே எபாக்ஸி ப்ரைமர் ரெண்டு கோட், ராத்திரி முழுக்க விடுங்க. இரும்பு வரைக்கும் போன இடத்துல பட்டி தேவைப்பட்டா எபாக்ஸி மேலதான். மேல 2கே சர்ஃபேசர் (கீறலை நிரப்பற ப்ரைமர்), வெள்ளைக்கு வெளிர் சாம்பலோ வெள்ளையோ கேளுங்க. 600ல தண்ணி போட்டுத் தேய்ங்க. ஒரு பம்பருக்கு அடிக்கத் தயாரா கலந்த பேஸ் கோட் அரை லிட்டர் தாராளம். பெர்ல்னா வெள்ளை அரை லிட்டர், பெர்ல் அரை லிட்டர்னு தனித்தனி. கிளியர் ரெண்டு கோட். ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. காத்துக் குழாய் மாஸ்க் இல்லாம வீட்டு வாசல்ல அடிக்காதீங்க, பெயின்ட் பூத்ல கொடுத்துடுங்க. தேய்க்கிற வேலை மட்டும் உங்களோடது.

070ன்னா நேரா பம்பர்ல அடிக்க விடாதீங்க. ஒரு தகட்டுல முழுக்க வெள்ளை அடிச்சு, டேப் ஒட்டி ஒட்டி பெர்லை 1, 2, 3, 4 கோட்னு படிப்படியா விட்டு, மேல முழுக்க கிளியர். டெயில்கேட்டைப் பாலிஷ் போட்டுட்டு அந்தத் தகட்டைப் பக்கத்துல பிடிங்க, வெயில்லயும் நிழல்லயும், நேராவும் சாய்ச்சும். எந்தப் படி பொருந்துதோ அத்தனை கோட். கோடு வெச்சுக் கலக்கிற வெள்ளை புது வண்டிக்கானது, உங்க வண்டி கொஞ்சம் மங்கியிருக்கும். அப்புறம் பம்பர் மேல்பாகம் வானத்தைப் பார்க்குது, டெயில்கேட் நேரா நிக்குது. அதனால நூத்துக்கு நூறு ஒண்ணாத் தெரியாது, கடைக்காரரைத் திட்டாதீங்க.

ஞாயித்துக்கிழமை ஆகாது. எபாக்ஸிக்கு ஒரு ராத்திரி, சர்ஃபேசருக்கு ஒரு நாள், கிளியருக்கு ஒரு ராத்திரி. மாட்டின பிறகு ஒரு வாரம் பிரஷர் வாஷ் கூடாது.

கன்_மாஸ்டர்
இவ்வளவு செலவுக்கு பழைய பம்பரே வாங்கலாம்.

ஸ்டிக்கர்_ரவி
பழைய பம்பர் அவ்வளவு லேசா கிடைக்காது மாஸ்டர்.

மெட்டல்_மணி
எட்ச் போட்டிருந்தா சனிக்கிழமையே முடிஞ்சிருக்கும்.

ஹைலக்ஸ்_சேலம்
கழற்றிட்டேன். கோடு 070. தேய்ச்சாச்சு, செம்பு வரைக்கும் போச்சு ஒரு மூலையில. பூத்ல கொடுத்துட்டேன், புதன்கிழமை தர்றாங்க. நன்றி எல்லாருக்கும்.

வி_கிராஸ்_கோவை
தகடு அடிச்சுப் பார்த்தாங்களா? எத்தனை கோட் பெர்ல்?

பூத்வாசி
எபாக்ஸி போடறாங்களான்னு கேட்டீங்களா? சேலம்?

வி_கிராஸ்_கோவை
புதன் போய் அடுத்த புதனும் வந்துருச்சு. ஒரு போட்டோவாவது போடுங்க.