பால் வரவுக் கணக்கு: தேதிவாரி வரிசை எண் 24-ஐத் தாண்டவில்லை (அவசரம்)

பால்கணக்கு: வணக்கம். எக்செல்லில் உறுப்பினர் எண், தேதி, லிட்டர் என்று எங்கள் சங்கத்தின் பால் வரவு இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் வடிகட்டி, ஒவ்வொரு உறுப்பினருக்கும் தேதி வரிசையில் 1, 2, 3 என்று எண் போடவேண்டும். நிபந்தனைகளுக்குப் பொருந்தும் வரிகளை எண்ணும் கவுண்ட்இஃப்ஸ் சூத்திரம் போட்டேன். 2, 2, 4, 4 என்று போய் 24-இல் நின்றுவிடுகிறது. ஊக்கத்தொகைப் பட்டியல் நாளை காலை செயலாளர் மேசையில் இருக்கவேண்டும். என்ன தவறு?

கரிசல்காடு: எந்தப் பதிப்பு? சூத்திரம் எங்கே? 24-க்குப் பதிலாக எத்தனை வரவேண்டும்?

இடைவெளி_வேட்டை: உறுப்பினர் எண்ணின் வாலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கும். அதை நீக்கும் ட்ரிம் சூத்திரம் போடுங்கள். பத்துக்கு ஒன்பது இதுதான்.

மூத்த_நிரலர்: கணக்கை டேட்டாபேஸில் வைக்காமல் எக்செல்லில் வைத்தால் இப்படித்தான். ரோ நம்பர், பார்ட்டிஷன் பை உறுப்பினர், ஆர்டர் பை தேதி: உறுப்பினர்வாரியாகப் பிரித்துத் தேதி வரிசையில் எண் போடும் டேட்டாபேஸ் கட்டளை. ஒரே வரியில் முடிந்தது. இதை இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

பால்கணக்கு: 2013. ட்ரிம் போட்டும் மாற்றமில்லை. சூத்திரத்தில் நான்கு நிபந்தனைகள்: அதே உறுப்பினர், தேதி ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின், ஜூன் 30 அல்லது அதற்கு முன், இந்த வரியின் தேதி அல்லது அதற்கு முன். ஒரு வேளைகூடத் தவறாமல் ஊற்றும் 47-ஆம் எண்ணுக்கே 24 தான்.

கரிசல்காடு: வேளையா? காலை, மாலை தனித்தனி வரிகளா? இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா ஐயா! ‘இந்தத் தேதி வரை எத்தனை’ என்று கேட்டால் ஒரே நாளின் இரண்டு வரிகளுக்கும் ஒரே விடைதானே வரும்? 2, 2, 4, 4 வந்தது அதனால்தான். ஆனால் 24 வேறு கதை. மூன்று மாதம் 91 நாள், 182 வேளை. மீதி 158 எங்கே? வடிகட்டியபின் எந்தத் தேதிகள் நிற்கின்றன?

பால்கணக்கு: ஒவ்வொரு மாதமும் 4, 5, 6 மட்டும். வேண்டாத ஜூலை 4, 5, 6 வேறு ஒட்டிக்கொண்டு நிற்கிறது! கோப்பு ஜூலை 31 வரை இருக்கிறது. 12-க்கு மேற்பட்ட தேதிகள் எல்லாம் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி இருக்கின்றன, அதனால் ஏதாவது?

கரிசல்காடு: அதனால்தான் எல்லாம். உங்கள் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா; அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. ஜூலை 4 என்று நீங்கள் எழுதிய 4/7-ஐ அது ஏப்ரல் 7 என்று படிக்கிறது; அதனால்தான் ஜூலை உள்ளே வந்தது. 13/4 என்றால் பதின்மூன்றாம் மாதம் ஏது? அதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. இடது ஓரம் ஒதுங்கியது அதனால்தான். நாளை மாதமாகப் படிப்பதால் 4, 5, 6 ஆம் நாள்கள் மட்டுமே ஏப்ரல், மே, ஜூனாகி வடிகட்டியில் நிற்கின்றன. நான்கு மாதம், மாதத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு வேளை: 24.

இப்போதுள்ள தாளில் தேதி வடிவத்தை மாற்றிப் பயனில்லை, 12 வரையுள்ள தேதிகள் ஏற்கெனவே தலைகீழாகிவிட்டன. பால் அளக்கும் இயந்திரம் தந்த மூலக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாகக் கொண்டுவந்து, மூன்றாம் படியில் தேதி நிரலுக்கு நாள்-மாதம்-ஆண்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு புதிய நிரல் ஒன்றில் தேதியை எழுதி, மாலை என்றால் 0.5 கூட்டுங்கள். எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. 2024 ஏப்ரல் 1 அதன் கணக்கில் 45383. சூத்திரம் இனி அந்த நிரலைப் பார்க்கட்டும்.

தரவுதாசன்: @மூத்த_நிரலர், உங்கள் ‘ஒரே வரி’யிலும் ஓட்டை இருக்கிறது. ஆர்டர் பை தேதி மட்டும் போட்டால் காலை 1 ஆகுமா, மாலை 1 ஆகுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

மூத்த_நிரலர்: வேளை என்ற நிரல் இருப்பதையே கேட்டவர் சொல்லவில்லை, நான் ஜோசியமா பார்ப்பது? ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 8601 சும்மாவா வந்தது?

தரவுதாசன்: பால் ஊற்ற வருபவர் ‘2024 ஏப்ரல் 13’ என்றா சொல்வார்? மனிதர் எழுதுவதைக் கணினிதான் புரிந்துகொள்ளவேண்டும்.

மூத்த_நிரலர்: 1900-இல் இல்லாத பிப்ரவரி 29-ஐ இருப்பதாகச் சாதிக்கும் எக்செல்லிடமா இதை எதிர்பார்க்கிறீர்கள்?

தரவுதாசன்: அது எக்செல்லுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 செய்த பிழை. அதனோடு ஒத்துப்போகவேண்டும் என்று தெரிந்தேதான் வைத்துக்கொண்டார்கள்.

மூத்த_நிரலர்: தெரிந்தே செய்தால் பிழை சரியாகிவிடுமா?

பால்கணக்கு: மன்னிக்கவும், இடையில் வருகிறேன். 1, 2, 3 என்று அழகாக வருகிறது. ஆனால் 47-க்கு 181. ஒன்று குறைகிறது.

கரிசல்காடு: என் தவறு. ஜூன் 30 மாலை இப்போது ஜூன் 30-ஐவிட அரை நாள் பெரியது; உங்கள் மேல் எல்லை அதை வெளியே தள்ளிவிட்டது. ‘ஜூன் 30 அல்லது அதற்கு முன்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஜூலை 1-க்கு முன்’ என்று போடுங்கள். வடிகட்டியிலும் அப்படியே.

பால்கணக்கு: 182. அச்சுக்குப் போகிறது.

இடைவெளி_வேட்டை: ட்ரிம்மை எடுத்துவிடவில்லையே? அது இருக்கட்டும்.