ஜப்பானிய மொழி தெரியாமல் ஷிகோகு மலைக்கிராமங்களில் தனியாகக் கார் ஓட்டலாமா?

பிறை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வரும் நவம்பரில், இலைகள் சிவக்கும் பருவத்தில், ஒசாகாவில் இறங்கிப் பேருந்தில் ஷிகோகு தீவிலுள்ள தகாமட்சு நகருக்குச் சென்று, அங்கே வாடகைக் கார் எடுத்து, இயா பள்ளத்தாக்கிலும் ஷிமாந்தோ ஆற்றங்கரையிலும் எட்டு நாள் தனியாகச் சுற்ற எண்ணியிருக்கிறேன். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பழைய சாலையில் பலமுறை ஏறி இறங்கியவள் என்பதால் வளைவுகள் எனக்குப் புதிதல்ல. ஆனால் ‘அரிகாத்தோ’வைத் தாண்டி ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியேன். ரயிலில் போனால் போதாதா என்று மகன் கேட்கிறான். மொழி தெரியாதவர் உண்மையில் எந்த இடத்தில் மாட்டிக்கொள்வார் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன். நான் சுத்த சைவம் என்பதையும் குறிப்பிட்டு விடுகிறேன்.

செந்தூல்காரன்:
தாராளமாகப் போகலாம் அக்கா. அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுபவர்கள்தான். சாலைப் போக்குவரத்து இலாகா தரும் அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தை இங்கேயே எடுத்துக்கொண்டு, நம் சாதாரண உரிமத்தையும் கடப்பிதழையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் யாரோ விற்கும் ‘அனைத்துலக உரிமம்’ அங்கே செல்லாது.

கார் சிறியதாக இருக்கட்டும். நம் பழைய கன்சிலைப் போன்ற 660 சிசி ‘கெய்’ கார்களே அந்த மலைச் சாலைகளுக்கு ஏற்றவை. இயாவை ஒட்டிச் செல்லும் 439ஆம் எண் சாலை தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் பெற்றிருந்தாலும் பல இடங்களில் ஒரே ஒரு கார் செல்லும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால், ஒதுங்க இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்வாங்க வேண்டும். ஷிமாந்தோவில் வெள்ளத்தில் மூழ்குவதற்கென்றே கைப்பிடிச் சுவர் இல்லாமல் கட்டிய தாழ்ந்த பாலங்கள் இருக்கின்றன. முதல் பாலத்தின் முன் நான் காரை நிறுத்திவிட்டு, காய்கறி ஏற்றிய சிற்றுந்து ஒன்று எதிர்க்கரையிலிருந்து சாவகாசமாகக் கடந்து வருவதைப் பார்த்த பிறகே துணிந்தேன்.

மொழியால் ஏமாறக்கூடிய முதல் இடம் எண்ணெய் நிலையம். ஜப்பானிய மொழியில் டீசலுக்குக் ‘கெய்யு’ என்று பெயர். ‘கெய்’ காருக்குரிய எண்ணெய் என்று நினைத்து அதை ஊற்றி இயந்திரத்தைக் கெடுப்பவர்கள் உண்டு; உள்ளூர்க்காரர்களே இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். சிவப்புக் குழாய் சாதாரண பெட்ரோல், மஞ்சள் விலை கூடியது, பச்சை டீசல். நம் ஊரில் மஞ்சளைப் பிடித்துப் பழகிய கையை அங்கே கொஞ்சம் அடக்க வேண்டும். ஆள் வந்து ஊற்றும் நிலையமாக இருந்தால் ‘ரெகுலா, மன்தான்’ என்றால் போதும்; சாதாரண பெட்ரோல், முழுத்தொட்டி என்று பொருள். மலைக்கிராமங்களில் மாலையோடு மூடிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை சில திறப்பதே இல்லை. பாதித் தொட்டி குறைந்ததும் நிரப்பிவிடுங்கள்.

தஞ்சோங் பூங்கா வாசி:
மேலே நண்பர் சொன்னவை சரியே. ஆயினும் மொழி இல்லாமையின் உண்மையான எடை விபத்தின்போதுதான் தெரியும். ஒரு வளைவில் கல்சுவரில் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டேன். ஒரு கீறல்தானே என்று விட்டுவிடாமல் காவல்துறையின் 110 எண்ணை அழைத்ததால் தப்பித்தேன். காவல்துறையிடம் பதியாத விபத்துக்குக் காப்புறுதி கிடைக்காது. வந்த காவலரும் நானும் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை மாறி மாறி நீட்டிப் பேச, அரைமணி நேரம் ஆனது. அதன்பின்னும், கார் பழுதுபார்க்கப்படும் நாள்களுக்கான ஈடு என்று 20,000 யென் வாங்கிவிட்டார்கள். அந்தத் தொகையையும் ஈடுகட்டும் கூடுதல் காப்புறுதியைக் கார் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஜப்பானிய மொழியையும் வரைபடத்தையும் இணையம் இல்லாமல் இயங்கும்படி இங்கேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

சின்னங்களில் இரண்டை மறக்கக்கூடாது. நில் என்பதற்கு அங்கே எண்கோணப் பலகை இல்லை, தலைகீழான சிவப்பு முக்கோணம்தான். ரயில் பாதையைக் கடக்கும்போது தடுப்பு திறந்திருந்தாலும் முழுதாக நின்றுதான் செல்ல வேண்டும்.

இன்னொன்று, நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே இருட்டிவிடும். ஏழு மணி வெளிச்சத்துக்குப் பழகிய நாம் இதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஈப்போ சாலை சைவர்:
சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தகாமட்சுவின் புகழ்பெற்ற ஊடோன் என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸின் சாறு நம் இக்கான் பிலிஸ் போன்ற உலர்ந்த மீனில் காய்ச்சியது. ‘இறைச்சி இல்லை’ என்று அவர்கள் சொல்வதில் மீன் சாறு அடங்காது. மீன், மீன் சாறு, இறைச்சி எதுவும் சேர்க்கக்கூடாது என்பதை ஜப்பானிய மொழியில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதிகளில் அதை முன்பதிவின்போதே அனுப்பிவிடுங்கள். வாசலில் போய் நின்று சொன்னால் சமைப்பவருக்கும் சங்கடம்.

பிறை ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. 439ஆம் எண் சாலையைப் பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். ‘ரெகுலா, மன்தான்’ என்று நேற்றிலிருந்து சமையலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகன் சிரிக்கிறான், ஆனால் ரயில் பேச்சை எடுக்கவில்லை.