சோரியாசிஸுக்குப் பத்தியம்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். 58 வயதாகும் என் அம்மாவுக்கு நான்கு ஆண்டுகளாகச் சோரியாசிஸ் (தோல் செதில் செதிலாக உதிரும் நோய்) இருக்கிறது. கத்திரிக்காய், கருவாடு, தக்காளி, முட்டை என்று உறவினர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக விலக்கி, இப்போது மிளகு ரசத்தையும் பாசிப்பருப்பையும் தவிர வேறெதையும் அவர் தொடுவதில்லை. நேற்று கரண்டியில் தவறி வந்த ஒரேயொரு கத்திரிக்காய்த் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, முழங்கையில் உதிரும் செதிலைப் பயத்துடன் தடவிப் பார்த்தார். அந்தக் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை.

2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 1,206 நோயாளிகளில் பெரும்பாலோர் உணவை மாற்றிக்கொண்டதாகவும், அவர்களில் சிலர் சர்க்கரை, மது, தக்காளி, குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள புரதம்), பால் பொருட்கள் ஆகியவற்றால் நோய் கூடுவதாகவும் கூறியிருக்கிறார்கள். ஆனால் அவை அவரவர் சொன்னவையே தவிர, சோதித்து நிறுவியவை அல்ல. கூடுதல் எடை உள்ளவர்கள் எடையைக் குறைப்பதற்கே வலுவான சான்று இருக்கிறது. அம்மாவோ ஏற்கெனவே ஆறு கிலோ மெலிந்துவிட்டார்.

உங்களில் யாரேனும் விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, குறிப்பேட்டில் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? எதை முதலில் சேர்த்தீர்கள், எத்தனை நாள் காத்திருந்தீர்கள்? மருத்துவர் தந்த களிம்பை நிறுத்தாமல் பூசி வருவதால், சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.